நிழல் போன விரல்

தென்காசிக்கும் அச்சன்புதூருக்கும் நடுவே இருக்கிற ஒரு மரஅறுவை மில்லில், விரல் துண்டாவதற்கு மூன்று நாள் முன்னால் அந்த விரலின் நிழல் போய்விடும். விரல் போன பிறகு நிழல் மட்டும் திரும்பி வந்து, ஆயுசுக்கும் கூடவே இருக்கும். இது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மானேஜருக்கும் தெரியும். காலையில் வாசலில் நிறுத்திக் கையை விரிக்கச் சொல்லுவார். நிழல் குறைந்தவனிடம், ‘வீட்டில் தேங்காய் உடைக்கையில் அரிவாள் பட்டது’ என்று அன்றைக்கே தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்வார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வெயில் முகம் காட்டாது என்பதால், அந்த மூன்று மாதத்துக்கென்று ஒரு பேட்டரி லைட் வைத்திருந்தார். எழுதித் தர மாட்டேன் என்றவனுக்கு வேலை இல்லை. ஒருத்தன் மட்டும் சிவகிரியில் மாமனார் வீட்டுக்குப் போய், கையைத் தலையணைக்கு அடியில் வைத்து நாலு நாள் படுத்துக் கிடந்தான். விரல் தப்பியது, நிழலும் வந்தது. போன வேலைதான் வரவில்லை.

மாரிச்செல்வி ஆலங்குளத்துப் பிள்ளை, சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். தொழிலாளர் நஷ்டஈட்டைப் பற்றி ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புகிற ஒரு மையத்துக்கு, இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பாகத் தென்காசி வந்தாள். சேர்ந்த அன்றே ஒரு தாளை நீட்டினார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சட்டம் படிக்கிறவளே வாசிக்கவில்லை என்றால் வேறு யாரைச் சொல்ல! அவளுக்கு மேலே இருந்த ஜெஸி மேடம், அந்த மில்லின் ஃபைலைக் கொடுத்தார். எங்கள் மில்லில் விபத்தே கிடையாது, எல்லாம் அவரவர் வீட்டில் நடந்தது என்று காட்டுவதற்காக மானேஜரே பெருமையாக அனுப்பியது அது. பதினோரு வாக்குமூலம், பதினோரு ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒவ்வொரு வாக்குமூலமும் சீட்டுக்கு மூன்று நாள் முந்தியதாக இருந்தது. மாரிச்செல்வி நோட்டில் ஒரு அடித்தல் இருந்தால்கூடச் சோறு இறங்காதவள். படிக்காத ஜனங்கள் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, வொயிட்னர் வாங்கி வந்து பதினோரு தேதியையும் சீட்டுப்படி திருத்தினாள். டேட்டாவைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று சொல்லி, மேடத்திடம் சபாஷும் வாங்கினாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, யாக்கூப்பைப் பேட்டி எடுக்க அச்சன்புதூர் போனாள். பதினோரு பேரில் கடைசியாக அடிபட்டவர் அவர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அன்றைக்கு அரை மணி நேரம் வெயில் அடித்தது. சுவரில் விழுந்த அந்தக் கை நிழலில் ஐந்து விரலும் இருந்தன. மாரிச்செல்வி இரண்டு தடவை எண்ணினாள். அவர் மனைவி ஹைருன் பீவிதான் மில் நடைமுறை முழுவதையும் சொன்னாள்.

“ரெண்டு வருஷத்துக்குள்ள மனு குடுக்கணும்லா. வாற வெள்ளிக்கிழமையோட முடியுது. அடிபடுததுக்கு முன்னாலயே எழுதி வாங்கிட்டான் பாத்தியா, அந்தத் தேதி ஒண்ணுதாம்மா எங்களுக்குச் சாட்சி. தாளு உங்க ஆபீசுலதான் இருக்காம்லா. பத்திரமா இருக்கா?”

மாரிச்செல்வி நோட்டை மூடினாள். இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது தன் கை நிழலைப் பார்த்தாள். வலது ஆள்காட்டி விரல் இல்லை. யாக்கூப்பும் பார்த்துவிட்டார்.

“தாயி, இப்பமே ஊருக்கு பஸ் ஏறிரு. மனு கெடக்கு, அத நாங்க பாத்துக்கிடுதோம்.”

தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆலங்குளம் பஸ் நின்றது. மாரிச்செல்வி படியில் ஒரு காலை வைத்தபடி அழுதாள். பயம்தான், வேறென்ன? அவள் பேனா பிடிக்கிற விரல் அது. ஆனால் அந்தத் தேதிகளை அழித்ததும் அதே விரல்தான். கண்டக்டர் ஏறப்போகிறாயா இல்லையா என்று சத்தம் போட்டார். காலை இறக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். ஒரு தேதி என்றால் கைத்தவறு என்று மில்லுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பதினொன்றையும் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே பதினோரு தாளிலும் வொயிட்னரைப் பிளேடால் சுரண்டினாள், அடியில் இருந்த மை போய்விடாமல், மெல்ல மெல்ல. தேதியை மாற்றியது நான்தான் என்று ஒரு கடிதமும் எழுதி வைத்தாள். உன் படிப்பே போய்விடும் என்று ஜெஸி மேடம் கத்தினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் யாக்கூப்பின் மனுவில் சீல் விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, சாரலில் நனைந்து இறுகியிருந்த ஆபீஸ் ஷட்டரை மாரிச்செல்வி இழுத்தாள். அது ஒரே இறக்கமாக இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெஸி மேடம் நிஜமாகவே அழுதார். கையில் முதல் நாள் வாங்கிய தாள் இருந்தது. பயிற்சியின்போது ஏற்படும் எந்தக் காயத்துக்கும் மையம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

“சட்டப்படி நீ தொழிலாளி இல்லம்மா. இன்டர்ன்.”

மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. “மில்லுக்காரன் மூணு நாளைக்கு முன்னாலதான் மேடம் எழுதி வாங்குனான். நீங்க நாப்பது நாளைக்கு முன்னாலயே வாங்கிட்டீங்களே.”

யாக்கூப்புக்கு நஷ்டஈடு கிடைத்தது. வியாழக்கிழமை பட்ட காயத்தைத் திங்கட்கிழமையே எப்படி எழுதினார்கள் என்று விசாரித்த அதிகாரி கேட்டார். மானேஜர் தண்ணீர் கேட்டார். மில் வழக்கம்போல ஓடுகிறது. மாரிச்செல்வி இடது கையால் பரீட்சை எழுதினாள், மறு வருஷமும் அதே மையத்துக்கு வந்தாள். அவள் கை நிழலில் விரல் குறை ஒன்றுமில்லை.

அந்த வருஷம் புதிதாக மூன்று மாணவிகள் சேர்ந்தார்கள். வெளியே சாரல். ஜெஸி மேடம் மேஜையில் மூன்று தாளும் பக்கத்தில் ஒரு புது பேட்டரி லைட்டும் வைத்திருந்தார். எல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான் என்றார். லைட்டைப் பிடிக்கிற வேலை மாரிச்செல்விக்கு. இரண்டு பேர் சுவருக்கு நேரே கையை விரித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது பெண் இசக்கிச்செல்வி வலது கையைத் துப்பட்டாவை விட்டு எடுக்கவே இல்லை. எந்த விரல் என்று மாரிச்செல்வி கேட்கவில்லை. லைட்டை அணைத்தாள், அந்தப் பிள்ளையின் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

“ஏட்டி, நீ ஊருக்குப் போ. நாலு நாள் கழிச்சு வா. ஒன் எடம் இங்கனதான் இருக்கும்.”