வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி

வீட்டிலேயே பல்செட்டு செய்து கொடுப்பதால் அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பல்செட்டு அக்கா என்றே பெயர். கணவன் லிப்ட் மெக்கானிக். ஒருநாள் அவன் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கணினியைக் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

"இதுதான் நோடு. பிளாக்செயின்னா எல்லாரும் சேர்ந்து வச்சிருக்கிற பதிவேடுன்னு வச்சுக்கோ. அதோட நகல் ஒண்ணு நம்ம வீட்டுல ஓடும். ஓட்டுறவங்களுக்கு மாசாமாசம் டோக்கன் தராங்க. வித்துக் காசாக்கிக்கலாம்."

"நமக்கு எதுக்குத் தரணும்?"

"இல்லன்னா எல்லாம் நாலு பெரிய கம்பெனி கையில போயிடும். வீடுவீடா ஓடினா யாரும் இஷ்டத்துக்குத் திருத்த முடியாதுல்ல?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மாதத்தில் புதுச் சலுகை ஒன்று அறிவித்தார்கள். நோடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டினால் இரண்டு மடங்கு டோக்கன். அவன் இவளைக் கேட்காமலே வீட்டைக் குறித்துவிட்டான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரு பச்சைப் புள்ளி.

அன்று காலை பதினொரு மணி. மெழுகில் கடைவாய்ப்பல்லைப் பதித்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். சீருடைச் சட்டையில் இரண்டு பேர்.

"இன்டர்நெட் செக் பண்ண வந்திருக்கோம்."

"நாங்க கம்ப்ளெயின்ட் எதுவும் குடுக்கலையே."

"நோடு ஓடுற வீடு இதானே? அதுக்குத்தான் வந்தோம்."

அவள் சொந்தத் தங்கைக்கே தெரியாத விஷயம் அது.

"அவர் வரட்டும்."

"அவர் ஆறு மணிக்குத்தானே வருவாரு? அதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிடுவோம்."

கணவனை அழைத்தாள். லிப்ட் குழிக்குள் இறங்கியிருந்தால் அவனுக்கு சிக்னல் கிடைக்காது. கிடைக்கவில்லை. அதற்குள் காது கேட்காத மாமனார் ஜன்னல் வழியே ஆட்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "வெயில்ல நிக்க வச்சிருக்கியேம்மா" என்றபடி தாழ்ப்பாளில் கை வைத்தார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா, வேண்டாம்!"

"என்னது? சத்தமாச் சொல்லு!"

வெளியே பேச்சு நின்றது. கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கி, மறுபடி மேலே வந்தது. அவள் உடம்பு முழுவதையும் கதவில் சாய்த்தபடி கீழ்வீட்டு பஸ் டிரைவரம்மாவை அழைத்தாள். போனில் வாயை ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தாள்.

"அக்கா... மேல வாங்க. தனியா வராதீங்க."

இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். அவளுக்கு அது முடிவில்லாமல் நீண்டது. பிறகு படிக்கட்டில் நாலைந்து பேர் ஏறும் சத்தம், அதற்கும் மேலாக டிரைவரம்மாவின் குரல்.

"யாருப்பா நீங்க? கார்டை எடு பாப்போம்!"

"வீடு மாறி வந்துட்டோம்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருவரும் இறங்கி ஓடினார்கள். ஒருவன் போட்டுவிட்டுப் போன பையில் பெரிய ஒட்டு டேப்பும் பிளாஸ்டிக் கயிறும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கணவன் வந்து விஷயம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதல் வேலையாகப் புள்ளியை அழித்தான்.

"மேப்புல அழிச்சிட்ட. பாத்தவன் மண்டையிலேர்ந்து எப்படி அழிப்ப?" என்றாள்.

இருவரும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நோடு ஓட்டுபவர்கள் கூடும் இணையப் பக்கத்திலும் நடந்ததை அவளே ஒன்றுவிடாமல் எழுதினாள். மறுநாளே மூன்று பேர் தங்கள் வீட்டுக்கும் ஆள் வந்ததாகப் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் தன் டோக்கன் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லும்வரை அடி வாங்கியிருந்தார். அந்த வாரமே நோடு ஓட்டுபவர்கள் எல்லோரும் வாக்களித்து இருப்பிடச் சலுகையை நிறுத்தினார்கள்.

அடுத்த மாதம் வீடு மாறினார்கள். நோடைத் தூக்கிப்போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. அது புது வீட்டிலும் ஓடுகிறது. ஆனால் முகவரியை மட்டும் யாருக்கும் தருவதில்லை. பல்செட்டு வேண்டியவர்கள் போன் செய்தால், அவளே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறாள்.