கடைசியாக வருகிறவள்

எனக்கு வருத்தமே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் இவர்கள் முகம் எப்படிப் போகும்?

அழுதிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். அக்கா முதுகைத் தடவியிருப்பாள், அத்தான் ஏதாவது கிண்டலடித்துச் சிரிக்க வைத்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். வருமா வருமா என்று பத்து மாதமாக நானும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது. வலிதான் தெரியவில்லை.

படிக்கட்டில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. அவள் நினைப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். கோல், ஒரு கால், சின்ன நிறுத்தம், மறு கால். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கிப் போய்க் கைகொடுக்கலாம். கொடுத்தால் வேண்டாம் என்பார். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்பார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன பல்லுக்காரம்மா, வாசல்ல நின்னு வரவேற்பு பலமா இருக்கு! நான் என்ன மந்திரியா?" கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே அத்தான் சிரித்தார். அக்காவின் கணவர். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது.

"அக்கா எங்கே?"

"கீழே வண்டி நிறுத்த இடம் தேடறா. அவ நிறுத்திட்டு வர்றதுக்குள்ள நான் இன்னும் ரெண்டு மாடி ஏறிடுவேன். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவனைப் பக்கத்து சீட்ல உக்கார வெச்சு ஓட்டறா. அவ பிரேக் போடறப்பல்லாம் என் காலும் சேர்ந்து அழுத்துது. நல்ல காலே போயிடும் போலிருக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேஜை மேல் மெழுகு வைத்த பல் அச்சு ஒன்று, ஈரத்துணி சுற்றியபடி இருந்தது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை தரவேண்டியதைச் சில வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால் சிரிக்கிறார்கள் என்பது அத்தானின் பழைய ஜோக். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

அத்தான் அச்சைப் பார்த்தார். "யாரோ இதைப் போட்டுக்கிட்டு நாளைக்குப் பொண்டாட்டியைத் திட்டப் போறான்" என்றார். பிறகு உட்கார்ந்து துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் சைக்கிளில் கிளம்புகிற அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தது அத்தான்தான். மொத்தம் ஏழு பேர். அக்கா அதில் சேர்த்தி இல்லை. சைக்கிள் சீட்டைவிடச் சோபா மேல் என்பது அவள் கட்சி. காலை ஆறரைக்குக் கிளம்பி, கால்வாய்க் கரையோடு போய், ரயில் கேட்டைத் தாண்டி, சோளக் காடுகளுக்கு நடுவே இரண்டு சின்ன ஊர்களைச் சுற்றிவிட்டு மதியத்துக்குள் திரும்புவார்கள். யாருக்கும் அவசரம் கிடையாது. ஒருவர் ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் நிற்பார். இன்னொருவர் துருப்பிடித்த கேட்டைக் கண்டால் போட்டோ எடுப்பார். முன்னால் மருந்துக் கடைக்காரர் வழிகாட்டிப் போவார். அவருக்குப் பைலட் என்று பேர். எல்லோருக்கும் பின்னால் மஞ்சள் கோட்டு மாட்டிய ஒருவர். அதற்குப் பேர் வால்.

முச்சந்தி வந்தால் பைலட் நின்று திரும்பிப் பார்ப்பார். தலைகளை எண்ண மாட்டார். மஞ்சள் தெரிந்தால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம், அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவார். இந்த ஏற்பாடும் அத்தானுடையதுதான். பள்ளிக்கூட பஸ்ஸைப் பூட்டுமுன் கடைசி சீட்டு வரை நடந்து போய், தூங்கிப்போன குழந்தை ஏதாவது இருக்கிறதா என்று தினமும் பார்த்துப் பழகியவர். "வால் யாரையும் தாண்டக்கூடாது. தாண்டச் சொன்னாலும் தாண்டக்கூடாது. ஒருத்தன் பஞ்சர் ஒட்டினா நீயும் நில்லு. சாமி கும்பிட்டா நீயும் கும்பிடு" என்பார்.

எட்டு வருஷமாக அவள்தான் வால். யாரும் நியமிக்கவில்லை. நிதானமாக ஓட்டுகிறவள், தனிக்கட்டை, கடைசியாகப் போய்ச் சேர்ந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. கோட்டு தானாக அவள் தோளில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு முதுகுகளையும் அவள் மனப்பாடமாக அறிவாள். யாருக்கு வேர்வை முதலில் கழுத்தில் பூக்கும், யாருக்கு இடுப்பில், எவர் மேட்டில் ஏறும்போது வலது பக்கம் சாய்வார் எல்லாம் தெரியும். அவளுக்கு முன்னால் வெறும் சாலை எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சியில் அத்தானின் செயின் கழன்றது. மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் சரிவில் இறங்கிப் போயிருந்தார்கள். அத்தான் குந்தி உட்கார்ந்து, கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே கையை ஆட்டினார். "நீ போ, மாட்டிட்டு வந்துடறேன்."

அவள் நின்றாள். கீழே இரண்டு கிலோமீட்டர் சரிவு. இருபுறமும் அறுவடை முடிந்த மொட்டை நிலம். சாலையில் ஒருவரும் இல்லை. ஒரு முதுகும் இல்லை.

அவள் போய்விட்டாள். பிரேக்கைத் தொடவேயில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று வாய்க்குள் புகுந்தது, தொண்டையிலிருந்து தன்னுடையதுதானா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மூன்று நிமிஷமோ நான்கோ. அடிவாரத்தில் காத்திருந்த பைலட் மஞ்சளைப் பார்த்தார், திருப்பத்தில் வண்டியை விட்டார். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் காற்று இன்னும் வாயில் இருந்தது. சொல்லவில்லை.

முதல் வளைவிலேயே அத்தானின் செயின் மறுபடி கழன்று சக்கரத்தில் சிக்க, அவர் சாலையோர ஓடையில் போய் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. போன் சைக்கிள் பையில், கைக்கு எட்டாமல். ஒன்றரை மணி நேரம் இடுப்புவரை சேற்றுத் தண்ணீரில் கிடந்தவரைப் பால் வண்டி ஓட்டுநர் ஒருவர் பார்த்தார். மற்ற ஆறு பேரும் அடுத்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டீ மட்டும் ஆடை படிந்து கிடந்தபோதுதான் பைலட் எழுந்தார்.

இடுப்பில் இரும்பு வைத்தார்கள். பஸ் ஓட்டும் வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றபோது அத்தானே சொன்னார்: "அவமேல தப்பு இல்லப்பா. அவசரம்னு ஒரு புதருக்குப் பின்னால ஒதுங்கினேன். வெக்கத்துல சத்தம் குடுக்கலை. பாவம், அவ பார்க்கலை." எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கூட்டத்தில் அவருக்குப் பேர் புதர். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. நன்றியாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

அடுத்த வாரமே கோட்டைத் துவைத்துப் பைலட்டிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது அத்தான் துணிப்பையைத் திறந்து அதே மஞ்சள் கோட்டை வெளியே எடுத்தார்.

"வண்டி வாங்கிட்டேன்" என்றார். "மூணு சக்கரம், பேட்டரி வேற. பாக்கறதுக்குக் காய்கறி வண்டி மாதிரி இருக்கு. இருக்கட்டும். விழாது. டாக்டரும் சரின்னுட்டார். உங்கக்காதான் ஒத்துக்கமாட்டேங்கறா. கடைசில ஒரே கண்டிஷன். நீ வால்ல வந்தா நான் போகலாம்."

"வேற யாராவது..."

"அவ உன்னைத்தான் சொல்றா." கோட்டைத் தன் நல்ல தொடைமேல் விரித்துச் சுருக்கம் நீவினார். "வீட்டுக்குள்ளயே கிடந்து பைத்தியம் பிடிக்குது. காலைல ஜன்னல்ல நின்னு ஸ்கூல் பஸ் போறதைப் பாக்கறேன். புது டிரைவர் கியரைக் கொல்றான்." சிரித்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நடந்ததைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சுவிடலை. தெரியுமில்ல?"

"தெரியும் அத்தான்."

"சும்மா சொன்னேன். போகச் சொன்னதே நான்தானே."

மிரட்டுகிற தொனி இல்லை. பரிசு கொடுத்தவர், அது பத்திரமாக இருக்கிறதா என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். அவள் ஈரத்துணியின் ஓரத்தை விரலால் அழுத்தினாள். விரலில் குளிர்ச்சி தெரிந்தது.

அக்கா உள்ளே வந்தாள். கார்ச் சாவியை மேஜையில் போட்டாள். "இந்தத் தெருவுல வண்டி நிறுத்தறதுக்குப் பதிலா நடந்தே வந்திருக்கலாம். கேட்டாச்சா? என்ன சொன்னா?"

"யோசிக்கிறா."

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? மொத்தமா வீட்டோட முடங்கிட்டே. உனக்கும் நல்லது. சைக்கிளைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு?"

"தினமும் போறேன்க்கா."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

வேலை முடிந்ததும் போகிறாள். ஸ்டேஷன் பின்பக்கம், மாவு மில் சுவர், கால்வாய்ப் பாலம், பெட்ரோல் பங்க், பிறகு வீடு. பன்னிரண்டு கிலோமீட்டர். சரிவு கிடையாது, எல்லாம் தட்டை. மாவு மில் அருகே வந்தால் கைப்பிடியில் வெள்ளைத் தூசி படியும். பாலத்தில் யாரோ மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அழகு என்று ஒன்றும் தோன்றாது, கால் தானாக மிதிக்கும். ஆனால் முன்னால் ஒரு முதுகும் இருக்காது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"தினமுமா?" அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. "தனியாவா? ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

சொல்லாமல் விட்டவற்றில் இது சின்னது என்று அவள் நினைத்தாள். பெரியதையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டால் என்ன? தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. பயமும் வரவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, அன்னைக்கு அத்தான் ஒதுங்கலை. செயின் மாட்டிட்டு இருந்தார். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் தாண்டிப் போனேன்."

அத்தான் "ஏய்" என்றார். அக்கா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. ஆம்புலன்ஸ் நின்ன இடத்துல நானும்தானே நின்னேன். சுத்துவட்டாரத்துல ஒரு செடி கிடையாது. இவருக்குப் புதர் எங்கிருந்து முளைச்சுது?" கணவனைப் பார்த்தாள். "பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்."

"பத்து மாசம் எல்லாரும் என்னைப் புதர்னு கூப்பிட்டப்போ நீயும்தானே சிரிச்சே!"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

அக்கா அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினாள். அந்த முகத்தில் கோபம் இருக்குமென்று அவள் தேடிப் பார்த்தாள். இல்லை. எத்தனையோ மாதத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்டவளின் முகம்.

"மொதல்ல மூணு மாசம் உன் முகத்தைப் பாக்கவே பிடிக்கலை. உண்மையைச் சொல்றேன். அப்புறம் யோசிச்சேன். அதுக்காகத்தான் உன்னையே கேக்கறேன். மத்தவங்க அசந்துடுவாங்க. பைலட் பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுருவார். ஒரு தடவை விட்டவ மறுபடி விடமாட்டா. ஜென்மத்துக்கும் விடமாட்டா. இவரை உன்கிட்டக் குடுத்தாத்தான் நான் ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்குவேன்."

கடைக்குப் போய் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்குகிற மாதிரி, அன்பாகவே சொன்னாள். கோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

அத்தான் ஊன்றுகோலின் பிடியை இரண்டு கையாலும் பற்றியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆசை என்று அந்தக் கையில் தெரிந்தது.

விடமாட்டேனா? அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். மறுபடி அந்த மேடு, அந்த வெறும் சாலை, போ என்று ஆடுகிற ஒரு கை. அத்தான் விழாமல் இருந்திருக்கலாம். அந்தத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் கிடக்காமல் இருந்திருக்கலாம். அதை அவள் மனதார விரும்பினாள். ஆனால் சரிவில் போன அந்த மூன்று நான்கு நிமிஷத்தை நடக்காததாக ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்து மாதத்தில் உள்ளே தொட்டுப் பார்த்ததில் உணர்ச்சி மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். இவர்கள் கேட்பது அதைத்தான். இனி ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குப் பின்னால் மெதுவாக ஓட்டி ஓட்டி, அவள் அதைத் தேய்த்து அழிக்க வேண்டும். அவளுக்கு மன்னிப்பு, அவருக்குச் சவாரி, அக்காவுக்குத் தூக்கம். நியாயமான ஏற்பாடுதான். குறைசொல்ல ஒன்றும் இல்லை.

"அடுத்த ஞாயிறு பைலட் ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கார்" என்றாள் அக்கா. "நீ நேரா எங்க வீட்டுக்கு வந்துடு. சரியா?"

அவள் கோட்டை மடிக்காமல் அப்படியே எடுத்து, அக்காவின் மடியில் திரும்ப வைத்தாள்.

"இல்லக்கா" என்றாள். "நான் வரலை."