இருபது கிலோவுக்குக் கீழே

குதிகாலில் ஆரம்பித்த வலி பன்னிரண்டு மணிக்கெல்லாம் இடுப்புக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது. பருப்பு மூட்டையின் வாயைத் தைக்கிற மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டு, மூட்டைக்கு ஒரு முறை குனிந்து நிமிர வேண்டும். தாஹிரா முந்நூறு மூட்டையைத் தாண்டியிருந்தாள். பதிமூன்றாவது நோன்பு. வயிறு காலையிலேயே கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டது. இடுப்புதான் ஓயவில்லை.

இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்தபோது கணவன் மொஹ்சின் பைக்கில் வந்து மகள் நவ்ரீனை குடோன் வாசலில் இறக்கிவிட்டான். ஹார்பரில் கப்பல் மேல் ஏறி கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவனுக்கு. மூன்று மணி ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமலே போய்விட்டான்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நவ்ரீனை இந்த குடோன் தராசில் நிறுத்திப் பார்ப்பாள் தாஹிரா. மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசு. ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் காட்டிவிடும். நோன்பு வேலையில் போன முறை தவறிப்போய்விட்டது. மூன்று வாரம் கழித்து இன்றுதான்.

"வா பாப்பா, ஏறு. செருப்ப கயட்டு," என்றான் தராசுக்காரன் செல்வம்.

நவ்ரீன் ஏறி நின்றாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 19.800.

"இன்னாக்கா இது, போன தபா இருவத்தொண்ணு எரநூறு இருந்திச்சே. சரக்கு வழில கொட்டிச்சா?" செல்வம் சிரித்தான். தாஹிராவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"தராச தட்டிப் பாருடா."

செல்வம் இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தான். 20.000. கல்லை இறக்கிவிட்டு நவ்ரீனை மறுபடி ஏற்றினார்கள். அதே 19.800.

நவ்ரீனுக்கு ஒன்பது வயது. எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அதற்கு முன்பு அவளால் ஒரு வரியை முழுசாக எழுத முடியாது. பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், அங்கிருந்து பக்கத்து வகுப்புக்குப் போவாள். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லி ஹெச்.எம். இரண்டு முறை ஆளனுப்பினார். புளிய விளாறால் அடித்த டீச்சரும் உண்டு. இது ஏடிஹெச்டி, கவனம் நிலைக்காத கோளாறு, பிள்ளையின் திமிர் இல்லை என்று சொன்ன முதல் ஆள் டாக்டர் மகிமாதான். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம் நவ்ரீன் பஸ்ஸில் உட்கார்ந்து கடை போர்டுகளை ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். தாஹிரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆனால் அந்த மாத்திரை பசியைக் கொன்றுவிடும். டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். காலையில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை. மதியம் சாப்பிட மாட்டாள், அதற்காகச் சண்டை போடக் கூடாது. நாலு மணிக்கு மருந்து இறங்கும், பசி வரும், அப்போது விடாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும். படுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை. "எடை இருபதுக்குக் கீழ போச்சுன்னா நான் மாத்திரைய நிறுத்திடுவேன்மா. அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது."

அந்த இருபதுக்குக் கீழேதான் இப்போது இருநூறு கிராம் இறங்கி நின்றுகொண்டிருந்தாள் நவ்ரீன்.

தாஹிராவுக்குப் புரியவில்லை. ரமலானில் குடோன் வேன் விடியற்காலை ஐந்தரைக்கே வந்துவிடும். அதனால் பிள்ளையை இரவில் பக்கத்து வீட்டில், மொஹ்சினின் அக்கா ரஹீமுன்னிசாவிடம் படுக்க வைத்திருந்தாள். காலைச் சாப்பாடும் மாத்திரையும் நாலு மணித் தீனியும், நவ்ரீன் குப்பி என்று கூப்பிடுகிற அந்த அத்தையின் பொறுப்பு. முட்டையும் நெய்யும் தாஹிராவே வாங்கிக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் நவ்ரீன் கஞ்சியை வழித்து வழித்துக் குடிப்பதைப் பார்த்து, டாக்டர் சொன்ன பசி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"காலைல குப்பி இன்னா குடுத்தாங்க?"

நவ்ரீன் தராசிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"பெருநா அன்னிக்கி சொல்லலாம்னு குப்பி சொன்னாங்க."

"இன்னாத்த?"

பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நான் நோன்பும்மா. முதல் நோன்புலேர்ந்து. ஒண்ணுகூட விடல. எதிர்வீட்டு தஹ்சீன்லாம் பத்து மணிக்கே தண்ணி கேட்டு அழுதான். எனக்குப் பசிக்கவே இல்ல."

செல்வம் படிக்கல்லை ஓரமாக உருட்டிக்கொண்டு போனான்.

"மாத்திர?"

"விடியறதுக்கு முன்ன சஹரு சாப்பாட்டுக்கு எழுந்ததும் குப்பி குடுத்துருவாங்க. அத்தப் போட்டா அப்பறம் சோறு உள்ள போவாது. ரெண்டு வாய் துன்னுட்டுப் படுத்துப்பேன்."

பஸ்ஸில் வரும்போது நவ்ரீன் கடை போர்டு எதையும் படிக்கவில்லை.

ராயபுரத்தில் சந்துக்குள் நுழைந்தபோது சாயங்கால அஸர் தொழுகை முடிந்திருந்தது. ரஹீமுன்னிசா வாசலில் முறம் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னத்தும் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வந்த நவ்ரீன்தான் ரஹீமுன்னிசாவின் கண்ணில் பட்டாள், பின்னால் வந்த தாஹிரா படவில்லை.

"வந்துட்டா பாரு என் தங்கம். ஜன்னத்து, ஒன் பையன் தஹ்சீனுக்குச் சொல்லு, இவ காலக் கயுவித் தண்ணி குடிக்கச் சொல்லு. பன்னெண்டு முடிஞ்சி இன்னியோட பதிமூணு!"

தாஹிரா பையைத் தரையில் போட்டாள். "அக்கா, எவளக் கேட்டு என் புள்ளய பட்டினி போட்ட?"

வெங்காயம் உரித்த கை நின்றது. "பட்டினியா? இன்னா வார்த்த பேசற நோன்பு நாள்ல? அது தானா வச்சிது. பசிக்குதான்னு டெய்லி கேக்கறேன். இல்லங்குது. அல்லா குடுத்த சபுரு, பொறும அது."

"அல்லா குடுத்தது இல்லக்கா. மாத்திர குடுத்தது."

"எந்த மாத்திர? அந்த ஞாபகசக்தி வைட்டமினா?"

வைட்டமின் என்று சொன்னது தாஹிராதான். எட்டு மாதத்துக்கு முன்னால், டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று ராத்திரி, மொஹ்சின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப் புள்ள தாஹிரா. மூள மாத்திரன்னு தெரிஞ்சா மெண்டல்னு பேரு வச்சிருவாளுங்க. நாளைக்கி எவன் கட்டுவான்? அக்காகிட்டகூட சொல்லாத," என்றான். அவளும் தலையை ஆட்டினாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்து வருஷம் கழித்து வரப்போகிறவனை நினைத்துத் தலையை ஆட்டினாள்.

"அது வைட்டமின் இல்ல," என்றாள். ஜன்னத்தும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். "இவளுக்கு ஏடிஹெச்டி கீது. ஒரு எடத்துல குந்த வைக்கற மாத்திர அது. அத்தப் போட்டா பசியே தெரியாது. வயிறு காஞ்சி சுருண்டாலும் தெரியாது. அதனாலதான் இவ தண்ணி கேக்கல. ஒண்ணு நானூறு எறங்கிப் போச்சுக்கா. ஒரு கிலோ நானூறு கிராம்!"

ரஹீமுன்னிசா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"நீதானடி வைட்டமின்னு சொன்ன? எங்கிட்ட மறைச்சி வச்சிட்டு இப்ப தெருவுல நின்னு என்னிய கொலகாரி ஆக்கறியா? காலைல போட்டா நோன்பு முறிஞ்சிரும்னு விடியறதுக்கு முன்ன குடுத்தேன். தெரிஞ்சா குடுப்பனா? நான் வளத்த புள்ளடி அது!"

"நான் சொன்னது பொய்யி. சரி. நீ எங்கிட்ட மறைச்சது இன்னாது? ஒம்போது வயசுப் புள்ளைக்கி நோன்பு கடமயா? பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஊரு மெச்சணும்னு என் புள்ளய வாசல்ல குந்தவச்சிக் காட்டிக்கினு இருந்த!"

ஜன்னத் எழுந்து மெதுவாக உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

தாஹிரா வீட்டைத் திறந்தாள். நாலு வாழைப்பழம் இருந்தது. ஒன்றை உரித்து நவ்ரீனின் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"துன்னு."

"இன்னும் ஒன்ற மணி நேரம்தாம்மா கீது!"

"துன்னுடி!"

"மாட்டேன்! எழுதறதுல லாஸ்ட்டு. கணக்குல லாஸ்ட்டு. மதரஸாலயும் ஓதறதுக்குள்ள எழுந்துட்டேன்னு அடி. இதுல மட்டும்தான் நான் ஃபர்ஸ்ட்டு. தஹ்சீன ஜெயிச்சேன். விடும்மா!"

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. யாரை அடிப்பது என்று தாஹிராவுக்குத் தெரியவில்லை. அடிக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். விளாறு எடுத்த டீச்சர், ஹெச்.எம்., கையைப் பிடித்துக் கெஞ்சின மொஹ்சின், தலையாட்டிய அவள். யாரும் இந்த அறையில் எட்டுகிற தூரத்தில் இல்லை, தன்னைத் தவிர.

வாசலில் வந்து நின்ற ரஹீமுன்னிசா தணிந்த குரலில், "பாதில உட்டா களா பாக்கி நின்னுடும் தாஹிரா. பின்னாடி ஒரு நாளு புடிச்சிக் கழிக்கணும். இன்னிக்கி ஒரு நாளு..." என்றாள்.

"வயசுக்கு வராத புள்ளைக்கி எந்தக் களாவும் கெடையாது. அவ அல்லாக்கு ஒண்ணும் பாக்கி இல்லக்கா. நாமதான் அவளுக்கு பாக்கி."

பிள்ளையின் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "பன்னெண்டு நோன்பும் ஒன்னுதுதான். எவனும் புடுங்க முடியாது. இத்தத் துன்னா தோத்தேன்னு அர்த்தமில்ல. நான் சொல்றேன், நான் தப்பு பண்ணிட்டேன்."

நவ்ரீன் அழுதுகொண்டே பழத்தைத் தின்றாள். முழுப் பழமும் இறங்க இருபது நிமிஷம் ஆனது.

ராத்திரி மொஹ்சின் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "திங்கக்கெயம டாக்டரு எட பாப்பாங்களே. பாக்கெட்டுல ரெண்டு போல்ட்டு போட்டு ஏத்தி உட்டா?"

"அது உன் கன்டெய்னர் இல்ல, என் புள்ள," என்றாள் தாஹிரா. "போல்ட்ட உன் வாயில போட்டுக்க. நாளைலேர்ந்து யாரு கேட்டாலும் ஏடிஹெச்டின்னு சொல்லப் போறேன். நீ வெக்கப்படறதுன்னா ஹார்பர்லயே படுத்துக்க."

திங்கட்கிழமை டாக்டர் மகிமா எடையைப் பார்த்தார், எடை எழுதிய நோட்டைப் பார்த்தார், பேனாவை மேஜையில் வைத்தார். தாஹிரா ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் நிறைய திட்டினார். கடைசியில், "நோன்பு மாசம் வருதேன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல," என்றார். மாத்திரையை உடனே நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் போட வேண்டாம் என்று எழுதினார். மூன்று வாரம் தவணை. எடை ஏறவில்லை என்றால் நிறுத்துவதுதான்.

அளவு குறைந்ததும் நவ்ரீன் வகுப்பில் மறுபடி எழுந்து நிற்க ஆரம்பித்தாள். ஹெச்.எம். மறுபடி ஆளனுப்பினார். தாஹிரா அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போய், டாக்டர் சீட்டை அவர் மேஜையில் வைத்து, "மூணு வாரம் பொறுக்க முடியலன்னா எழுதிக் குடுங்க சார், நான் கலெக்டராபீஸ்ல காட்டறேன்," என்றாள். எழுதிக் கொடுக்கவில்லை.

ரஹீமுன்னிசா அவளிடம் பேசவில்லை. ஆனால் தாஹிரா வேனில் போன பிறகு, காலை ஆறரைக்கு அந்த வீட்டிலிருந்து நெய் முறுகுகிற வாசனை வந்தது. இரண்டு முட்டை, ஒரு தோசை, பாலில் ஊறிய பேரீச்சம்பழம், அதற்கப்புறம் மாத்திரை. நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பொட்டுக்கடலை உருண்டையும் பாலும் தூக்கிக்கொண்டு, தான் நோன்பு வைத்த வாயோடு போய் நின்றாள். நவ்ரீன் இரண்டு கடித்துவிட்டு ஓடினால் பின்னாலேயே ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, முட்டிவலிக்காரி. தாஹிராவுக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் இறங்கவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் குடோன் தராசில் நிறுத்தினாள். 20.400.

பெருநாள் காலை தொழுகை முடிந்து சந்து முழுக்க ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரஹீமுன்னிசா புதுப் புடவையில் வந்து வாசலில் நின்றாள். மொஹ்சின் பின்னால் நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லு தாஹிரா. இன்னிக்கி ஒரு நாளாவது."

தாஹிரா எழுந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே அவள் காதில் சொன்னாள்.

"அறநூறு ஏறிச்சி. நீ, நான், உன் தம்பி, மூணு பேரும் அவளுக்கு இன்னும் எண்ணூறு கிராம் பாக்கி."