பேருக்கு ஒரு மேனேஜர்

தஞ்சோங் பகார் அலுவலகத்தில் ஏர்கான் சில்லென்று இருந்தது. இருந்தும் மருதப்பனுக்குக் கழுத்தில் வியர்த்தது. எதிரே இருந்த சாயிரா பானு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வேலையில்லைன்னு சொல்லித்தானே உதவி கேட்டிருக்கீங்கண்ணே? ஆனா ரெண்டு மாசமா உங்க பேர்ல ஒரு துணிக்கடை சிபிஎஃப் சேமநிதி கட்டுதே?"

 

மருதப்பன் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் காலம் தள்ளியவர். ஆட்குறைப்பில் அவர் தலையும் உருண்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் துணிந்து விண்ணப்பித்ததில், ஒரு பாலிடெக்னிக்கில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வேலை போனவர்கள் மறுபடி படிக்க, கட்டணமும் மாதப் படியும் தருகிற ஓர் அறக்கட்டளையில்தான் சாயிராவுக்கு வேலை. அந்தப் படி வந்தால்தான் அடுப்பு எரியும். இல்லையென்றால் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஆசை யாரை விட்டது? யாருக்கும் சொல்லாமல் போய், தன் வகுப்பறை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

நடுவில்தான் மகள் ரோஷினியைப் பெண் பார்க்க வந்தார்கள். மனைவியின் தம்பி பிரபாகருக்குச் சிராங்கூன் சாலையில் துணிக்கடை.

"பொண்ணோட அப்பா சும்மா உக்காந்திருக்காருன்னா நல்லாவா இருக்கும்? நம்ம கடை மேனேஜர்னு சொல்லிக்குங்க மச்சான். பேருக்குத்தான்."

பேரோடு நின்றானா பாவி? யாராவது விசாரித்தால் அசலாக இருக்கட்டும் என்று சம்பளப் பட்டியலிலும் சேர்த்து, சிபிஎஃப்பும் கட்டத் தொடங்கிவிட்டான். மருதப்பனுக்குத் தெரிந்தே நடந்தது. தடுக்கவில்லை. வந்தவர்கள் முன்னால் அந்த மேனேஜர் பட்டம் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"ஏதாவது தப்பா ஏறியிருந்தா சொல்லுங்கண்ணே. சரிபண்ணப் பாக்கலாம்," என்றாள் சாயிரா.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்குள் நுழைந்தால், பொய்யாக ஆள் காட்டிய பிரபாகர் மாட்டுவான். விஷயம் சம்பந்தி வீடுவரை போகும். கல்யாணத்துக்கு நாள் வேறு குறித்தாயிற்று.

"தப்பில்லம்மா. வேலைதான் பாக்குறேன்."

"அப்ப இது கிடைக்காதுண்ணே. சாரி லா."

அடுத்த வாரமே பாலிடெக்னிக் இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, துணிக்கடையில் நிஜமாகவே போய் நின்றார். "மேனேஜர் சார், அந்தச் சேலைங்களைக் கொஞ்சம் மடிச்சு வைங்க," என்று பிரபாகர் கேலி செய்தான். மருதப்பன் மடித்தார்.

ஒரு சனிக்கிழமை சம்பந்தி சின்னத்தம்பி கடைக்குள் நுழைந்தார். கல்யாணத் துணிக்குத்தான் வந்திருக்கிறார் என்று மருதப்பன் பட்டு வேட்டிகளை எடுத்துப் பரப்பினார். அவரோ கூச்சத்தோடு முழுக்கைச் சட்டை இரண்டு கேட்டார்.

"காலேஜுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும் சம்பந்தி. சிரிக்காதீங்க. எனக்கும் வேலை போயிருச்சு. ஏதோ ஒரு அறக்கட்டளை பணம் குடுத்துப் படிக்க வைக்குது. ஆஸ்பத்திரி மிஷின் ரிப்பேர்."

மருதப்பனின் கை வேட்டி மேலேயே நின்றது.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்க வீட்டுலயே சொல்லிரலாம்னுதான் வந்தேன். நீங்க மேனேஜர்னு சொன்னீங்களா, எனக்கு வாய் வரல."

இப்போதாவது சொல்லிவிடலாம். கடையில் வேறு யாரும் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. கல்லாவிலிருந்து பிரபாகர் நிமிர்ந்து பார்த்தான்.

மருதப்பன் சட்டைகளைப் பையில் போட்டு நீட்டினார்.

"மெயின் கேட்ல இறங்காதீங்க சம்பந்தி, சுத்து. அடுத்த ஸ்டாப்ல இறங்குங்க. கேன்டீன் பக்கத்துப் படியில ஏறினா நேரா உங்க கிளாஸ்தான். ஜன்னலோரமா உக்காருங்க, காத்து வரும்."

சின்னத்தம்பி வியந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யூனிஃபார்ம் டெலிவரிக்குப் போயிருக்கேன்," என்றார் மேனேஜர்.