அடித்த கை

சாங்லியில் நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் கிராமத்துத் தலைவன் பட்டீலின் ஆட்கள் கொட்டகைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள்.

பாஸ்கர் லோகண்டே எழுதிய நாடகம். தன் கிணற்றில் தண்ணீர் மொண்ட கூலிக்காரனைப் பட்டீல் அடித்தே கொன்ற கதை. ஊர்ப் பெயரை மாற்றியிருந்தான். ஆனாலும் யாரைச் சொல்கிறான் என்று ஜில்லாவுக்கே தெரியும்.

"எவன்டா எழுதினவன்? வாடா வெளிய!" முன்னால் வந்தவன் பட்டீலின் தங்கை மகன் ரணோஜி.

"நான்தான். உக்காந்து பாரு, உங்க மாமா இன்னும் மேடைக்கு வரலை" என்றான் பாஸ்கர். கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று.

நாற்காலிகள் பறந்தன. கூலிக்காரனின் மனைவியாக நடித்த குசும் குறுக்கே வந்து நின்றாள். ரணோஜியின் தடி அவள் நெற்றியைப் பிளந்தது.

பாஸ்கருக்குக் கண் இருண்டது. திரை கட்டியிருந்த இரும்புக் கம்பியை உருவினான். முதல் அடியிலேயே ரணோஜியின் தாடை உடைந்தது. விழுந்தவனையும் விடவில்லை, முகத்திலேயே அடித்தான். "நாய்க்குப் பொறந்த பயலே, என் எதிர்ல நிமிந்து நிப்பியா?" என்று யாரோ கத்துவது கேட்டது. பட்டீல் பேச அவன் எழுதிய வசனம் அது. கத்தியது அவன் வாய்தான்.

ரத்தம் வழிய வழியக் குசும் அவனை இடுப்போடு கட்டிக்கொண்டாள். "போதும் பாஸ்கர்ராவ்! செத்துருவான்! காது கேக்குதா இல்லையா?"

கம்பி நழுவியது. அடித்தது இனித்திருந்தது. அது உறைத்ததும் அங்கேயே வாந்தியெடுத்தான்.

ரணோஜி பிழைத்தான், ஒரு கண் போயிற்று. "கூட்டத்துல யாரு அடிச்சாங்கன்னே தெரியலைன்னு சொல்லிருங்க" என்றார் வக்கீல். பாஸ்கர் கேட்கவில்லை. "நான்தான் அடிச்சேன். விழுந்த பிறகும் அடிச்சேன்" என்றான் நீதிபதியிடம். இரண்டு வருஷம் சிறை.

வெளியே வந்ததும் பக்கத்து ஊரான மிரஜில் அதே நாடகத்தைப் போட்டான். பட்டீல் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டான்.

"உங்களுக்கெதுக்கு இந்தக் கருமம்?" என்றாள் குசும்.

"எனக்கு நல்லா வரும்."

கூலிக்காரனை அவன் அடிக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து செருப்பை வீசினாள். உதடு கிழிந்தது. துடைக்காமல் அடுத்த வசனத்தைப் பேசினான்.