சிவப்பு வயர்

"என்னடா அது, சோறா சிமெண்ட்டா? எவ்வளவு நேரம் குழைப்ப?" என்றாள் அக்கா.

லிஃப்ட் மெக்கானிக் ஒரு வாய் எடுத்து வைத்தான். ருசி எதுவும் தெரியவில்லை. அவனுக்கு நிச்சயமான பெண் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து நாக்கு மரத்துப்போயிருந்தது. விலா எலும்புக்குக் கீழே ஏதோ கவ்விப் பிடித்திருந்தது. லிஃப்டின் பிரேக்கும் அப்படித்தான். மின்சாரம் அதைப் பிடித்து வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, மின்சாரம் அதை விடுவிக்கிறது. மின்சாரம் போய்விட்டால் ஸ்பிரிங் தானாகவே கவ்விக்கொள்ளும்.





"இன்னைக்கும் பஸ்தானா? வண்டிச் சாவி ஆணியிலயே தொங்குது பாரு" என்றாள் அக்கா.

நிமிர்ந்து பார்த்தான்.

லிஃப்டில் எல்லா மாடிக் கதவுகளின் பூட்டுகளும் ஒரே மின்தொடரில் கோக்கப்பட்டவை. ஒரு கதவு திறந்திருந்தாலும் தொடர் அறுந்துவிடும், லிஃப்ட் நகராது. கோளாறு எந்தப் பூட்டில் என்று தேடும்போது மெக்கானிக் ஒரு துண்டு வயரைக் குறுக்கே செருகுவான். அது இருக்கும்வரை, கதவு திறந்திருப்பது லிஃப்டுக்குத் தெரியாது. அதைக் கழற்ற மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவன் பைக் சாவியை அந்தச் சிவப்பு வயரின் வாலில் கட்டிவிடுவான். வயரைக் கழற்றினால்தான் வீட்டுக்குப் போக முடியும். கல்யாணம் வேண்டாம் என்றவள்கூட முன்பெல்லாம் சிரிப்பாள், "என்னை மறந்தாலும் மறப்ப, அந்த வயர மறக்க மாட்ட." பின்னிருக்கையில் அவள் இல்லாமல் வண்டி ஓட்டப் பிடிக்காமல், கொஞ்ச நாளாக அவன் பஸ்ஸில்தான் போய் வந்தான்.

எச்சில் கையோடு சட்டைப் பையில் அந்த வயரைத் துழாவினான். காலி. கடைசியாக லிஃப்ட் பழுது பார்த்த குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு போன் போட்டான்.

"அண்ணே, லிஃப்ட் ஓடுதா?"

"ஜோரா ஓடுது தம்பி! மூணாவது மாடியில யாரோ கதவச் சாத்தாமப் போயிட்டாங்க. முன்னெல்லாம் நின்னு மானத்த வாங்கும். இப்ப அதுபாட்டுக்குப் போகுது."

"மெயின் சுவிட்ச்ச அணைங்கண்ணே. அணைச்சிட்டு மூணாவது மாடிக்கு ஓடுங்க. யாரையும் கதவுகிட்ட விடாதீங்க, உள்ள பெட்டி இருக்காது, வெறும் குழிதான்!"

"அங்க பல்பு வேற எரியல... இரு, போறேன்."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. வாட்ச்மேனின் செருப்பு சரக், சரக் என்று மெல்ல விலகிப் போனது. அவருக்கு மூட்டு வலி. அதற்குப் பின்னால், மோட்டார் கிளம்பும் மெல்லிய முனகல். மெயின் சுவிட்ச் இன்னும் அணையவில்லை, லிஃப்ட் பெட்டி மேலே போகிறது.

"யாருடா போன்ல?" என்றாள் அக்கா.

கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. ஆணியில் சாவி அசையாமல் தொங்கியது.