வாப்பாவின் மடி

கொழும்பு பஸ் எப்படியும் கல்முனைக்குத்தான் வரும். பேசாமல் வீட்டிலிருந்தால் முபீன் தானாக வந்து இறங்குவான். ஆனால் மூன்றரை வருடம் கத்தாரிலிருந்த புருஷனை இன்னும் முக்கால் மணித்தியாலம் பஸ்ஸுக்கு விட்டுக்கொடுக்க றிஸ்னாவுக்கு மனமில்லை. தம்பி றிம்சானைக் காரோடு கிளப்பி, மகள் ஸுஹைறாவைப் பின்னாலுள்ள குழந்தை சீட்டில் வைத்து வாரை மாட்டி, காலை எட்டு மணிக்கே பஸ் வரும் வழியிலுள்ள அக்கரைப்பற்றில் போய் நின்றுவிட்டாள். போதாததற்கு முபீனின் தங்கை மர்ஷூதாவும் முன்சீட்டில் தொற்றிக்கொண்டாள்.

பஸ் வந்தது. முபீன் இறங்கினான். மெலிந்திருந்தான், முன்தலை வழுக்கை விழுந்திருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே. நடு வீதியென்றும் பாராமல் றிஸ்னா அழுதாள், சிரித்தாள். அவன் கண்ணோ மகளின் மேலேயே இருந்தது. வயிற்றிலிருக்கும்போது விட்டுப்போன பிள்ளை. போனில் நாளுக்குப் பத்து முத்தம் கொடுப்பவள், நேரில் கண்டதும் உம்மாவின் அபாயாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கார் மரநிழலில் நின்றது. பெட்டிகளை டிக்கியில் அடுக்கியதும் முபீன் பின்னால் ஏறி இரண்டு கையையும் நீட்டினான்.

"புள்ளயத் தாங்க. மடியில வெச்சிட்டு வாறன்."

"ஏலா. அவ சீட்லதான் இருக்கணும்," என்றாள் றிஸ்னா.

அண்ணன் பக்கம் நின்ற மர்ஷூதாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மதினி கதைக்கிறீங்க! காக்கா புள்ளயத் தொட்டே பார்க்கல்ல. அரை மணித்தியால ஓட்டத்துக்கு சீட்டும் பெல்ட்டுமா?"

முபீனின் நீட்டிய கை அப்படியே நின்றது. வந்த முதல் நாளே மனிசனின் முகத்தை வாடவைத்துவிட்டோமே என்று றிஸ்னா பதறினாள். இனி ஒளித்து வைத்ததைச் சொல்லாமல் வழியில்லை.

"உங்களுக்கிட்டச் சொல்லல்ல. போன நோன்புக்குள்ள ஒலுவில் ரோட்டுல ஒரு மாடு குறுக்க பாய்ஞ்சி, தம்பி பிரேக் அடிச்சான். நான் ரெண்டு கையாலயும் இறுக்கித்தான் புடிச்சிருந்தன். புள்ள என்ட கையில நிக்கல்ல. முன்சீட்ல போய் அடிபட்டா. அல்லாஹ் காப்பாத்தினான், நெத்தி வீக்கத்தோட போயிட்டு. அதுக்கு மறுகாதான் இந்த சீட்ட வாங்கின."

முபீன் மகளின் நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"றிம்சான், கார எடுக்காத," என்றான்.

"ஏன் மச்சான்?"

"ஓடினாத்தானே மடியில வெக்க ஏலா? ஓடாத. நிப்பாட்டி வை."

றிம்சான் சிரித்துக்கொண்டே சாவியைக் கழற்றி நாலு கதவையும் திறந்துவிட்டான்.

முதலில் ஸுஹைறா வாப்பாவின் முழங்காலில் பட்டும் படாமலும் இருந்தாள். அவன் மூக்கைத் தொட்டாள். தாடியை இழுத்துப் பார்த்தாள். ஒரு சொக்லட் கைமாறியது. அவ்வளவுதான், வாயாடி வாயைத் திறந்துவிட்டாள்! பூனை குட்டி போட்டது, மாமா கோழிக்குப் பயந்து ஓடியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். பஸ் எப்போதோ கல்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து போன் கோலுக்கு மேல் கோல். "வாறம், வாறம்" என்று பொய் சொல்லியே மர்ஷூதா களைத்துப் போனாள். சந்தோஷத்தில் றிஸ்னாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

கடைசியில் முபீனே மகளைத் தூக்கிச் சீட்டில் இறக்கினான். அவளோ அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"சீட் வேணா! வாப்பாட மடி! வாப்பாட மடி!"

இதைக் கேட்கத்தான் மூன்றரை வருடமாக ஏங்கிக் கிடந்தான். முபீன் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு, வாரை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தான்.

"இப்ப எடு," என்றான் றிம்சானிடம். "மெதுவாப் போ."